மூச்சடக்கி அம்மாளின் பக்கம்

பெங்களூர்ச் சூளையில் யாராவது மிட்டாய் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கினால், மாதா கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு ஜன்னலிலிருந்து குரல் வரும். "கசக்காத கண்ணு, இங்க குடு." அதுதான் நோரா. தீப்பெட்டிப் படம், தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாள், கிறிஸ்துமஸ் கேக்கைச் சுற்றி வந்த சரிகைக் காகிதம், எதுவும் அவள் கையைத் தாண்டிக் குப்பைக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். அழகான காகிதத்தைக் கிழித்து எறிகிறவர்கள் ஒரு வகை, அதை நீவி வைக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையோடு வாழ்வது கொஞ்சம் இடைஞ்சல்தான், ஆனால் பொழுது போவது தெரியாது.

அவளுடைய அப்பா பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். தன் புட்டிங்கைத் தட்டு வழிக்கச் சாப்பிட்ட ஒரு கேப்டன் வீட்டுக் குழந்தையின் பெயரை மகளுக்கு வைத்தார். அந்தப் பெயர் வைத்தால் தன் பிள்ளையும் அப்படியே சாப்பிடும் என்பது அவர் நம்பிக்கை. நோரா நன்றாகவே சாப்பிட்டாள், நன்றாகவே வளர்ந்தாள், பதினெட்டு வயதில் மதலைமுத்துவைக் கட்டிக்கொண்டாள்.

மதலைமுத்து பிரிகேட் ரோட்டில் ஓஸ்வால்ட் என்கிற ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர் நடத்திய சீமாட்டிகள் தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். கண்டோன்மெண்டில் பால் டான்ஸ், பார்ட்டி, குதிரைப் பந்தயம் எது நடந்தாலும், அங்கே நடமாடும் கவுன்களில் பாதி அவர் கத்தரிக்கோல் பார்த்ததாக இருக்கும். தையல்காரன் துணி திருடுவான் என்ற பேச்சு ஊருக்கு ஊர் உண்டல்லவா, அதை ஓஸ்வால்டால் தாங்க முடியாது. ஆகவே மீதித் துணியை எல்லாம் ரிப்பன் கட்டி உடுப்போடு சேர்த்தே அனுப்பிவிடுவார். "மீதித் துணியில் ஒரு நூலும் எங்களிடம் தங்காது" என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார். இன்னொரு விதியும் இருந்தது. வாடிக்கைக்காரர்களின் பெயர் கடை வாசலைத் தாண்டக் கூடாது.

மதலைமுத்து இரண்டு விதிகளையும் எழுத்துக்கு எழுத்து மதித்தவர். எழுத்துக்கு எழுத்து மட்டும். கழுத்து வளைவை வெட்டும்போது உதிரும் நகத்தளவு துணி மீதித் துணியா, குப்பையா? குப்பை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மேசைக்குக் கீழே பெருக்கியதில் நல்லதாக நாலு துண்டு பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் நோராவின் கை அந்தப் பைக்குத்தான் போகும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். பெயரைச் சொல்லக் கூடாது, ஆனால் இரவுச் சாப்பாட்டில் கடைக் கதை பேசாமல் எப்படி இருப்பது? அதனால் ஒவ்வொரு துரைசானிக்கும் அவர் ஒரு பட்டப்பெயர் வைத்தார். துணியை எப்போதும் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் ஜன்னலோரம். எதைக் கொடுத்தாலும் மறுநாளே வேண்டும் என்கிறவள் நாளைக்கே அம்மா. அளவு நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறவள் மூச்சடக்கி. வீட்டில் எல்லாருக்கும் அவர்கள் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள், நேரில் அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

கடையில் வேண்டாம் என்று எறிந்த ஒரு பெரிய துணி மாதிரிப் புத்தகம் ஒருநாள் வீட்டுக்கு வந்தது. பம்பாய்க் கம்பெனிக்காரர்கள் துணித் துண்டு ஒட்டி அனுப்புவது. துண்டுகளைப் பிய்த்துவிட்டால் உள்ளே கெட்டியான அட்டைப் பக்கங்கள். அதைப் பார்த்ததும், சேர்த்துவைத்ததை எல்லாம் என்ன செய்வது என்று நோராவுக்கு வழி தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிச்சோறு முடிந்து, பாய் விரித்தால் நாலு பேரும் அந்தப் புத்தகத்தைச் சுற்றித்தான். நோரா மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வாள், கரப்பான் வாய் வைக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். பழைய கேட்டலாக்குகளில் துரைசானிகளின் தலையை மட்டும் வெட்டி எடுப்பாள். எந்தத் தலை யாருக்கு என்பது அவள் தீர்ப்பு, அதற்கு அப்பீல் கிடையாது. உடம்புக்கு மதலைமுத்து உண்மையான துணியில் விரல் நீளத்துக்குக் கவுன் வெட்டுவார், கொசுவம் வைத்து, கழுத்துக்குப் பட்டி வைத்து, கடையில் செய்கிற அதே நேர்த்தியோடு. மகன் மைக்கேல்ராஜ் பின்னால் சித்திரம் எழுதுவான். ஜன்னலோரம் லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு முன்னால் நின்றாள், நாளைக்கே அம்மா ஜட்கா வண்டியில் பறந்தாள். மகள் டோரீன் ஓரங்களில் பூவும் கொடியும் போடுவாள். சண்டை வராத ஞாயிறே இல்லை, ஆனால் பாயை விட்டு முதலில் எழுந்திருக்க யாருக்கும் மனம் வராது. நோராவின் வாழ்க்கையில் அந்தப் பிற்பகல்களுக்கு இணையாக எதுவும் இருந்ததில்லை என்று நான் சொல்வேன்.

டோரீன் படித்த கான்வென்டில் வருஷா வருஷம் பஜார் நடக்கும். அந்த வருஷம் வீட்டில் செய்த கைவேலைகளுக்கென்று தனி மேசை போட்டார்கள். நோராவுக்குக் கேட்க வேண்டுமா? புத்தகத்தைத் தலையணை உறையில் சுற்றி, முட்டையைத் தூக்கிப் போகிற மாதிரித் தூக்கிப்போகச் சொல்லி மகளிடம் கொடுத்தனுப்பினாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர் எழுத வேண்டும் என்று கன்னியாஸ்திரி சொல்லிவிட்டார். டோரீன் வகுப்பில் உட்கார்ந்து தன் அழகான ஆங்கிலக் கையெழுத்தில், தனக்குத் தெரிந்த பெயர்களை எழுதினாள்.

சனிக்கிழமை நோரா நீலப் பட்டு உடுத்திக்கொண்டு போனாள். பள்ளிக்கூட மைதானத்தில் பேண்டு வாசித்தது, கேக்கும் கட்லெட்டும் விற்றார்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்று, புத்தகத்தைப் புரட்டுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலர் சிரித்தபோது அவளும் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். எழுத்தின் சுழிப்பு அழகாக இருந்தது, அது போதும்.

கடையை அடைத்துவிட்டு மதலைமுத்து வந்து சேர்ந்தார். பெருமையாகக் குனிந்தார், எழுத்துக்கூட்டிப் படித்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"இத யாரு எழுதுனது?"

"நம்ம டோரீன்தாங்க. அழகா இருக்கில்ல?"

"அழகாத்தான் இருக்கு. மூச்சடக்கி, நாளைக்கே அம்மா, எல்லாத்தையும் இங்கிலீசுல போட்டிருக்கா."

நோராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெயர்தான் பட்டப்பெயர், துணி நிஜமான துணி. தான் உடுத்திய துணியை எந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியாது? துணி திருடினான், போதாதற்குக் கேலியும் செய்தான் என்று பெயர் வாங்கினவனைக் கண்டோன்மெண்டில் எந்தக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள். பதினைந்து வருஷத்து வேலை. அதைப் பசை போட்டுத் தொலைத்தவள் தானேதான் என்று அவளுக்கு உறைத்தது. புத்தகத்தை மூடப் போனாள், அதற்குள் கன்னியாஸ்திரி சிறப்பு விருந்தாளியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கர்னலின் துரைசானி. அவருக்குப் பின்னாலேயே, பஜாருக்கு ரிப்பன் நன்கொடை கொடுத்த ஓஸ்வால்ட்.

மதலைமுத்து வாயைத் திறக்காமல் முனகினார். "மூச்சடக்கி."

நோரா முதல்முறையாக அந்தத் துரைசானியைப் பார்த்தாள். தான் ஒட்டிய தலை கொஞ்சமும் பொருந்தவில்லையே என்றுதான் அந்த நேரத்திலும் முதலில் தோன்றியது. இவருக்குக் கன்னத்தில் குழி விழுந்தது.

துரைசானி பக்கம் பக்கமாகப் புரட்டினார். கப்பன் பார்க் பேண்டு மேடைக்கு முன்னால், மயில்கழுத்து நிற ஜார்ஜெட் கவுனில் நின்ற பொம்மையிடம் வந்ததும் விரல் நின்றது. துணியைத் தடவினார்.

"இது என் துணி," என்றார். பட்லர்களோடு பேசிப் பழகிய தமிழ் அது.

ஓஸ்வால்டின் காது சிவந்தது. துரைசானி கீழே எழுதியிருந்ததை ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார்.

"இந்த லேடி ஏன் மூச்சு புடிக்குது?"

யாராவது பதில் சொல்ல வேண்டும். புருஷன் சொல்ல மாட்டார், மகள் அழுகிற நிலையில் இருந்தாள். பொய் ஒன்று யோசித்துப் பார்த்தாள் நோரா, அவசரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"நீங்கதாங்க மேடம். அளவெடுக்கறப்போ மூச்ச உள்ள இழுத்துக்குவீங்களாம். எல்லா லேடியும் இழுப்பாங்களாம், நீங்க கொஞ்சம் ஜாஸ்தி. அந்த அளவுக்கே தெச்சா, சாப்பாட்டு மேசையில உக்கார முடியாதில்ல? அதனால எங்க வீட்டுக்காரரு ரெண்டு விரக்கட ஜாஸ்தியா வெட்டுவாரு. நோட்டுல மட்டும் நாடா காட்டுனதத்தான் எழுதுவாரு. உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

பேண்டு வேறு அந்த நேரம் பார்த்து நின்றுபோயிருந்தது. துரைசானியின் கை மெல்லத் தன் இடுப்புக்குப் போயிற்று.

"வேற டெய்லர் டிரஸ் போட்டா, நான் சூப் மட்டும் சாப்பிடும். இந்த ஆள் டிரஸ் போட்டா, புட்டிங்கூட சாப்பிடும். நான் நெனச்சது, என் இடுப்பு சின்னதா ஆச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மூச்சை அடக்கிக்கொள்ளாத சிரிப்பு, கேக் மேசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் மேசையைச் சுற்றிக் கலாட்டாதான். நாளைக்கே அம்மா தன் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கணவரை இழுத்துவந்து காட்டினாள். அந்த மனிதர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாங்கு மேனேஜரின் மனைவி மட்டும் மூன்று முறை புரட்டிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கம் இல்லை.

ஆனால் ஓஸ்வால்ட் சிரிக்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மதலைமுத்து பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நோராவுக்குத் தேவலை.

மறுநாள் பூசைக்குப் பிறகு பாய் விரிக்கவில்லை. கறிச்சோறு யாருக்கும் இறங்கவில்லை. மூன்று மணி வாக்கில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது, ஓஸ்வால்ட் இறங்கினார். பதினைந்து வருஷத்தில் அவர் இந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. இருந்த ஒரே நாற்காலியைப் போட்டார்கள்.

"முத்து, என் கட போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"ஒரு நூலும் தங்காதுன்னு, சார்."

"இங்க எவ்ளோ தங்கியிருக்கு?"

நோரா முன்னால் வந்தாள். "குப்பையில போறதுதான் சார். நாந்தான் கேட்டு வாங்குனேன். தப்பு என்னுது. அவர வேலைய விட்டு எடுக்காதீங்க."

ஓஸ்வால்ட் பையிலிருந்து ரோஜா நிறத்தில் ஒரு சாட்டின் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். "பாங்கு மேனேஜர் வீட்டு அம்மா குடுத்தது. இது புஸ்தகத்துல ஏறுற வரைக்கும் புது கவுன வாங்கிக்க மாட்டாங்களாம். நேத்து ராத்திரிக்குள்ள ஆறு லேடி கேட்டாச்சு. இனிமே கேட்டு எடுங்க. கேக்காம ஒரு நூலு எடுத்தா, முத்து, அன்னியோட வேல காலி."

நோராவுக்கு அழுகை வந்தது, அதை ஒளிக்கவும் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே காப்பி கலந்து கொண்டுவந்தாள்.

ஓஸ்வால்ட் காப்பியைக் குடித்தார், புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார், மறுபடியும் புரட்டினார். போகிற வழியாகத் தெரியவில்லை.

"எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"

மதலைமுத்து உத்தரத்தைப் பார்த்தார். மைக்கேல்ராஜ் இருமுகிற மாதிரி வெளியே ஓடினான். ஆனால் நோராவுக்கு நேற்றைய அனுபவம் தைரியம் கொடுத்திருந்தது.

"குறட்டை சார்னு சொல்லுவோங்க."

"குறட்டையா?"

"மத்தியானம் டிரயல் ரூம் திரைக்குப் பின்னாடி நீங்க கண்ணசந்ததும், எல்லா மிஷினையும் நிறுத்திடுவாங்களாம். நீங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு. அந்த நேரத்துக்குன்னே காஜா, ஓரம் மடிக்கறது, கைத்தையல் எல்லாம் மிச்சம் வச்சுக்குவாங்களாம்."

ஓஸ்வால்ட் மதலைமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"மிஷின் சத்தமே வராது. நீங்கல்லாம் தூங்குறீங்கன்னு நெனச்சேன்யா. பாவம் தூங்கட்டும்னுதான், முழிப்பு வந்தாலும் நான் திரைய விட்டு வெளிய வராம உக்காந்திருப்பேன்."

முதலில் சிரித்தது மதலைமுத்துதான், கடை முதலாளி முன்னால் அவர் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை. ஓஸ்வால்ட் கழுத்திலிருந்த கோடு போட்ட டையை அவிழ்த்தார், அதன் நுனியைப் பிடித்துக் கட்டிங் மாஸ்டரிடம் நீட்டினார்.

"இதுல வெட்டிக்க. நானே தர்றது, திருட்டு இல்ல."

டோரீன் பாயை விரித்தாள். நோரா அடுப்பில் பசைச் சட்டியை ஏற்றிவிட்டு, முதலாளிக்குத் தோதான தலை தேடிக் கேட்டலாக்குகளைக் கிளறினாள். அத்தனையிலும் எல்லாரும் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்தில், வாயைப் பிளந்து தூங்கும் மீசைக்காரர் ஒருவர் கிடைத்தார். ஓஸ்வால்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, மீசை தன்னுடையதைவிடச் சின்னதாக இருக்கிறது என்று மட்டும் குறை சொன்னார்.