சும்மா நின்ற சக்கரம்

மாமாவின் ஜீப்பில் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று எழுதியிருக்கும். அதற்கு அர்த்தம் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஜீப் வந்த நாளிலிருந்து அம்மாவின் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவர் டர்போதான். அவர் பெண்டாட்டியான என் அத்தையிடம் ஒருமுறை அர்த்தம் கேட்டேன். "அது ஒண்ணுமில்ல, மிதிச்சா மொதல்ல நின்னு யோசிக்கும், அப்புறம் விசிலடிச்சுக்கிட்டுப் பாயும். ஒங்க மாமாவும் அப்படித்தான்" என்றாள். மாமா கேட்டுக்கொண்டுதான் நின்றார், சிரித்தார்.

அந்த ஜீப்பில் தினமும் காலையில் பன்னிரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குப் போவார். அத்தை பன்னிரண்டில் ஒருத்தி. தீப்பொறிக்குப் பயந்து வண்டிகளைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். உள்ளே நல்ல சரளைத் தரை இருக்க, ஜீப் வெளியே கரிசல் மண்ணில்தான் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் அந்த மண் பாறையாகக் கிடக்கும். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, சீசன் மும்முரத்தில், ஒரு மழை நாளில் மருந்து அறை வெடித்தது. ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறும் என்பார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆனால் எத்தனையோ பேர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டதில், நானே பக்கத்தில் நின்று பார்த்ததாகவே இன்றைக்கும் தோன்றுகிறது.

அத்தையோடு இன்னும் மூன்று பேரை வாழை இலையில் கிடத்தி ஜீப்பில் ஏற்றினார்கள். மாமா திருப்பும்போது வலது பின்சக்கரம் ஓரத்து வாய்க்காலில் இறங்கிவிட்டது. இடது பின்சக்கரம் பாதையில், மண்ணில் பதிந்துகிடந்த ஒரு கெட்டியான கல் மேலேயே நின்றது. மாமா மிதித்தார். டர்போ விசிலடித்தது. வலது சக்கரம் வெறிபிடித்துச் சுழன்று குழி பறித்ததே தவிர, கல் மேல் நின்ற சக்கரம் அசையவே இல்லை. அவர் பயத்தில் இன்னும் மிதிக்க, அது இன்னும் ஆழமாகப் பறித்தது. எங்கள் பக்கம் அடுப்பு பற்றவைப்பதிலிருந்து ஒழுகும் கூரையை அடைப்பது வரை எல்லாவற்றுக்கும் அச்சகத்து வேஸ்ட் பேப்பர்தான். அந்தப் பழக்கத்தில் பெண்கள் ஓடிப்போய் பட்டாசு லேபிள் கட்டுகளை எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். வழவழப்புக் காகிதம் மழையில் ஊறியதும் சேற்றை விட மோசமாக வழுக்கியது. தாமரைப் பூவும் குழந்தை முகமும் அச்சடித்த லேபிள்களைச் சக்கரம் பின்னால் நின்றவர்கள் மேலெல்லாம் துப்பியது. யாரோ ஓடி ஒரு டிராக்டரைக் கூட்டிவந்து இழுப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது.

மற்ற மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அத்தை மூன்றாம் நாள் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர், "இன்னும் அரை மணி நேரம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று சொன்னாராம். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காரியம் முடிந்த பிறகு மாமா யாரோடும் பேசவில்லை. பருத்திக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாவை அம்மா எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். கிணற்றடி வாளிக் கயிற்றைக்கூட அவிழ்த்து எடுத்து வந்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மாமா எங்கன போனாலும் நீயும் கூடப் போ. தனியா விட்றாத. என்ன செஞ்சாரு, என்ன பேசுனாருன்னு எங்கிட்ட வந்து சொல்லு" என்றாள். எனக்கு எட்டு வயது. எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிற வயது. கிடைத்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் மாமா என்னையும் ஏற்றிக்கொண்டு விருதுநகர் பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கிருந்த வயதான மெக்கானிக்கை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். மாமா வணக்கம்கூடச் சொல்லாமல், "அண்ணாச்சி, கல்லு மேல நின்ன சக்கரம் ஏன் சுத்தல?" என்று கேட்டார்.

அண்ணாச்சிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. பின் அச்சின் நடுவே தொங்கும் இரும்பு உருண்டையைத் தட்டிக் காட்டி மெதுவாகச் சொன்னார். "இதுக்குள்ளதான் டிபரன்ஷியல் இருக்கு. வளைவுல ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்த முடியாதுல்ல, அதுக்காக வச்சது. ஆனா எந்தப் பக்கம் லேசா இருக்கோ அந்தப் பக்கமே ஓட விட்டுரும். சேத்துல கெடந்தது ஓடுச்சு. மத்தது சும்மா நின்னுச்சு."

சும்மா நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று மாமா கேட்டார். அத்தை போன பிறகு அவர் இவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன். அண்ணாச்சி இரண்டு வழி சொன்னார். ஒன்று, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து முழுக்கப் பூட்டிவிடும் சாமான். இன்னொன்றின் உள்ளே தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒரு சக்கரம் அளவுக்கு மீறி வழுக்கினால் தட்டுகள் இறுகிப்பிடித்து இழுவையை அடுத்த சக்கரத்துக்கும் கொடுக்கும். அதற்கு லிமிடெட் ஸ்லிப் என்று பெயர்.

"பூட்டுறதையே போடுங்க" என்றார் மாமா.

"வேண்டாம்ப்பா. இது டர்போ வண்டி, இழுவை திடீர்னு வரும். ரெண்டும் பூட்டியிருந்தா, மழைத் தண்ணி கெடக்கிற தார் ரோட்டு வளைவுல பின்பக்கம் வீசிரும். பின்னால பன்னெண்டு பொம்பளைக இருக்காக."

"பதினொண்ணு" என்றார் மாமா.

அண்ணாச்சி துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டார். தட்டு வைத்ததே போதும் என்று முடிவாயிற்று. கோயம்புத்தூரில் கழித்துக்கட்டிய ஒரு ஜீப்பிலிருந்து எடுத்த சாமான் பார்சலில் வந்துசேர ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுவதும் மாமா வேளாவேளைக்குச் சாப்பிட்டார். அம்மா அரிசிப் பானையிலிருந்து டப்பாவை எடுத்து எங்கோ தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தாள். கண்டம் தாண்டிவிட்டது என்று நம்பினாள், பாவம்.

மாட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது. அண்ணாச்சி பெரிய பல்சக்கரத்தில் நீலச் சாயம் தடவி, பல் சரியாகப் பொருந்துகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டுகளுக்கென்று தனி ஆயில் வேண்டும் என்று சொல்ல, மாமா அதை வாங்க பஜாருக்குப் போனார். நான் டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர், இந்தச் சாமான் அன்றைக்கே இருந்திருந்தால் அந்தப் பொண்ணு பிழைத்திருக்குமா என்று கேட்டார்.

"இது எதுக்குய்யா?" என்றார் அண்ணாச்சி. "ஹேண்ட் பிரேக்க ரெண்டு பல்லு இழுத்துப் பிடிச்சு, மெதுவா மிதிச்சிருந்தாலே ஏறியிருக்கும். சும்மா சுத்துற சக்கரத்துக்கு ஒரு பிடி விழுந்தா, இழுவை அடுத்ததுக்குப் போயிரும். அந்த நேரத்துல யாருக்கு அந்த நெனப்பு வரும்?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "பாப்பா, இத மாமாட்ட சொல்லிக்கிறாத, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். இவ்வளவு லேசான வித்தை தெரிந்துவிட்டால் மாமா சாமானை வேண்டாம் என்றுவிடுவார், அதற்குத்தான் இந்த ஆள் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்த வயது என்று சொன்னேன் அல்லவா?

கார்த்திகை மழை பிடித்ததும் மாமா என்னை ஏற்றிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனார். கேட்டில் சீல் வைத்திருந்தார்கள். வாய்க்காலில் தாமரை லேபிள்கள் இன்னும் மக்காமல் கிடந்தன. வலது பின்சக்கரத்தை வேண்டுமென்றே அதே குழியில் இறக்கினார். இடது சக்கரம் அதே கல் மேல் நின்றது. மிதித்தார். வலது சக்கரம் அரைச் சுற்று வழுக்கியது. அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஜீப் ஏறி வெளியே வந்து நின்றது. நான் கை தட்டினேன். மறுபடி இறக்கினார், மறுபடி ஏறியது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நான்கு தடவையும் மூன்று எண்ணுவதற்குள் வண்டி வெளியே வந்துவிட்டது.

நான்காம் தடவை மாமா இன்ஜினை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, "இம்புட்டுதானா?" என்றார்.

சாமான் அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. எப்படியாவது அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும். என்னிடம் இருந்ததோ அந்த ஒரு ரகசியம்தான்.

"மாமா, இது இல்லாட்டியும் பரவாயில்ல. ஹேண்ட் பிரேக்க ரெண்டு பல்லு இழுத்து மெதுவா மிதிச்சாலே ஏறிருமாம். அண்ணாச்சி சொன்னாக. அடுத்த தடவ மாட்டுனா அப்படிச் செய்யுங்க."

மாமா என்னைப் பார்க்கவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார். கிர், கிர் என்று இரண்டு பல் இழுத்தார். விட்டார். மறுபடியும் இரண்டு பல் இழுத்தார். எவ்வளவு நேரம் அப்படிச் செய்துகொண்டிருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. திரும்பும்போது டர்போவின் விசில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் வேறொரு கம்பெனி வேலைக்குப் போகப் பதினொரு பெண்களும் ரோட்டில் காத்து நின்றார்கள். மாமா போகவில்லை. தை பிறந்ததும் ஜீப்பை விற்றுவிட்டார். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறார். அவர் சாகவில்லை, அதைக்கூடச் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலையில்தான் நான் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எதற்காக அதைச் சொன்னாய் என்று என்னைக் கேட்டதும் இல்லை.

நான் அதைச் சொன்ன அன்று எங்கள் வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக்கூட மாற்றாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வண்டி ஏறுச்சா இல்லையா?"

"நல்லா ஏறுச்சும்மா. நாலு தடவ."

"அப்புறம் ஏன் இப்படி வந்து கெடக்கான்? நீ ஏதாச்சும் சொன்னியா?"

"நல்ல விசயந்தாம்மா சொன்னேன்" என்றேன். எனக்கு நல்ல பசி. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சோறு போடச் சொன்னேன்.