தலையணைக்குள் வைத்த படம்

ஊமைப்படக் காலத்துக் காதல் காமெடி அது. அதில் ஒரே ஒரு சுருள் செஞ்சியில், எங்கள் நைனாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நைனாவின் அப்பா, அதாவது என் தாத்தா, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காதலன் நெல் குதிருக்குள் ஒளிகிறான். பெண்ணின் அப்பா வந்து அதிலேயே சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுகிறார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அதற்கு மேல் பிரித்தால் கிழியும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

போனில் போட்டோ எடுத்து, பழைய படங்களைத் தேடும் சென்னைக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். மனிதர் அழாத குறை. "இந்தப் படம் எங்கேயுமே இல்லைன்னு கைவிட்டுட்டோம் சார். உங்ககிட்ட இருக்கிறதுதான் மிச்சம். அந்தக் காலத்து பிலிம் பட்டாசு மாதிரி பத்திக்கும், நெருப்புப் பக்கமே கொண்டுபோயிடாதீங்க, பொங்கல் முடிஞ்சதும் வரேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரில் என் போட்டோ வரும் என்று மிதந்தேன். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், நைனா பொருளாச்சே என்று அவரும் போட்டோவுக்கு வந்து நிற்பார். என் அல்பத்தனம், வேறென்ன! அது இருந்த தகர டப்பாவோடு வைத்தால் கண்ணில் படும் என்று சுருளை மட்டும் எடுத்து, பரணில் கிடந்த பிய்ந்த தலையணைக்குள் பஞ்சோடு திணித்துத் தைத்தேன். அழுக்குத் தலையணையை யார் தொடப்போகிறார்கள்? எனக்கு வந்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாலு நாளில் போகி.

அன்று விடியலில் ராஜகிரி மலைக்கோட்டை உச்சி கண்ணுக்குத் தெரியும் முன்பே அண்ணன் பரணைக் காலி செய்து, பழசையெல்லாம் தெருவில் கொளுத்திவிட்டார். நான் கூச்சல் கேட்டுத்தான் எழுந்து ஓடினேன். தீ கூரை உயரத்துக்குச் சீறி எழும்பியது.

"இன்னாடா இது, தலகாணி இப்டி எரியுது!" என்று அண்ணன் சிரித்தார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அத்தத் தொட்டிருப்பனா?" என்று கேட்டார்.

சொன்னபடி சென்னைக்காரர் வந்தார், வெள்ளைக் கையுறையெல்லாம் எடுத்துக்கொண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "தப்பு என்னுதுதான் சார். பாக்காம எரிச்சிட்டேன்."

வந்தவர் அவரைக் கொலைகாரனைப் போலப் பார்த்தார். தலையணையில் ஒளித்தது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"எங்க வீட்டு ஆளுங்களுக்கு இதோட அருமை தெரியாது சார்" என்றேன்.