ஒரு சாண் கூடிப்போன கலங்கல்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தில் பெருங்களத்தூரில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. "கிரேஸ் மேடம் காலைல தவறிட்டாங்க சார்" என்றார் பழைய அலுவலக நண்பர். பையோடு இறங்கித் தாம்பரம் பஸ் பிடித்தேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேடம் ஏரிகளைப் பராமரிக்கும் பிரிவில் உதவிப் பொறியாளர். நான் அவருக்குக் கீழே நில மட்டம் அளந்து எழுதும் ஆள். ஏரிக்கரையில் சேர்ந்து சாப்பிட்ட மதியங்கள் இன்னும் இனிக்கின்றன. வெள்ளிக்கிழமை எனக்கு விரதம் என்று தெரிந்தே வறுத்த மீன் டப்பாவைத் திறந்து, "வாசனைக்கெல்லாம் விரதம் கிடையாது கோபால்" என்று சீண்டுவார்.

அப்போது பக்கத்து ஏரி ஒன்றின் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கல்கட்டு, பழசாகி விரிசல் விட்டிருந்தது. அதை அகலப்படுத்தி உச்சியில் கான்கிரீட் போடும் வேலை எங்களுக்கு வந்தது. உயரம் மட்டும் மாறக் கூடாது. கூடினால் மழையில் தண்ணீர் கரையோர வீடுகளுக்குள் ஏறிவிடும். அம்மன் கோயில் படிக்கல்லில் உயரங்களை அளக்க ஆதாரமாக அந்தக் காலத்திலேயே செதுக்கிய மட்டக்குறி ஒன்று உண்டு. அதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டேன். மேடம் என்னை நம்பிக் கையெழுத்திட்டார்.

கான்கிரீட் இறுகிவிட்டது. மழைக்குச் சில வாரங்களே இருந்தன. கோயில் வாசலில் பூ வாங்கும்போது மேடம் படியையே பார்த்தார். "ஏங்க்கா, ரோடு போட்டுப் போட்டு இந்தப் படி முங்கிக் கெடந்துச்சே?"

"அத்த கும்பாபிஷேகத்துக்குப் பேத்து ஒசத்தி வெச்சாங்கோ மேடம். இந்த சார்கூட பொங்கல் துன்னுகினு பாத்துகினு இருந்தாரே!" என்றார் பூக்கார அக்கா.

பார்த்தேன்தான், தின்றேன்தான். கல்லோடு சேர்ந்து குறியும் மேலே போனது என் மண்டையில் ஏறவில்லை. கல் உயர்ந்த அளவுக்கே கலங்கலும் ஒரு சாண் கூடுதலாக நின்றது.

எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம் அது. தப்பு என்னுடையது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேடத்துக்கோ பதவி உயர்வு நெருங்கியிருந்தது. அன்று மாலையே மேலதிகாரிக்கு எழுதினார்: "அளவில் நேர்ந்த பிழை என்னுடையது. இடித்துத் திருத்த அனுமதி வேண்டும்." என் பெயர் எங்கும் இல்லை. நான் மறுத்துப் பேசியபோது, "யார்கிட்டயும் உளறாதீங்க கோபால். உடைக்க ஆள் பாருங்க, அது போதும்" என்றார். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மழைக்கு முன் உடைத்துச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தோம். ஏரித் தண்ணீர் எந்த வீட்டிலும் ஏறவில்லை. நான் நிரந்தரமானேன். மேடம் உதவிப் பொறியாளராகவே ஓய்வு பெற்றார். அதைப் பற்றி ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

கிழக்குத் தாம்பரம் தேவாலயத்தில் அவருடைய மகள் ஷீலா பேசினார். "அம்மா சர்வீஸ்ல ஒரே ஒரு தப்பு பண்ணாங்க, ஒரு கலங்கலோட உயரத்துல. அதையும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எங்களுக்கு அதுதான் பெருமை."

கடைசி பெஞ்சில் இருந்த நான் எழுந்திருக்கவில்லை. கல்லறையில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

ஷீலா, அம்மா அந்த ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தவன் நான்.

உங்கள் சொல்லை முதன்முறையாக மீறுகிறேன், மேடம். போய் வாருங்கள்.