சென்சார் கெட்டிருக்கணும்

அந்தச் சென்சார் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதுதான் டிரைவரம்மாவின் வேண்டுதல். கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு. இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டைச் சொல்வதுதான் அதன் வேலை. ஒரு மாதமாக டாஷ்போர்டில் சூட்டு முள் அரை மணிக்கொரு தரம் சிவப்பில் போய் நின்றது. ஃபேன், ரேடியேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. சென்சார் பொய் சொல்கிறதென்றால் புதிது மாட்டி நாளைக்கே டாக்சியை எடுத்துவிடலாம். உண்மை சொல்கிறதென்றால் இன்ஜின் போச்சு, பத்தொன்பது வருஷத் தொழிலும் போச்சு. மெக்கானிக் இன்ஜின்தான் என்று அடித்துச் சொன்னான். அவன் வாயில் நல்லது எப்போது வந்திருக்கிறது!

இன்ஜினின் சூட்டை ஹீட்டராவது இழுத்துக்கொள்ளட்டும் என்று கொளுத்தும் வெயிலிலும் அதைப் போட்டே ஓட்டினாள். "ஏம்மா, ஆளை இறக்கி விடறீங்களா, அவிச்சு விடறீங்களா?" என்று சவாரி வந்த ஒருவர் கேட்டே விட்டார். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆறிக்கிடந்த இன்ஜினிலிருந்து சென்சாரைக் கழற்றி அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் முட்டாதபடி அதைக் கயிற்றில் தொங்கவிட்டாள். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் ஒயர்களைச் சென்சாரின் முனைகளில் மாட்டி, மீட்டரைக் கணவரிடம் கொடுத்தாள். முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டோடு இருப்பவர்.

"சூடு ஏற ஏற நம்பர் இறங்கினா நல்ல சென்சார். அப்படியே நின்னா கெட்டது. பார்த்துச் சொல்லுங்க."

"ரெண்டாயிரத்து ஐநூறு" என்றார்.

அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"இப்போ?"

"அப்படியேதான் இருக்கு."

தளதளவென்று கொதித்தது.

"இப்போ?"

"நகரவே இல்லம்மா. சென்சார்தான் கெட்டிருக்கு. நாளைக்கே புதுசு போட்டுடலாம்."

முப்பது வருஷத்தில் இந்த மனுஷனுக்கு ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்ல வந்ததில்லை. மீட்டரை அவளுக்குத் தெரியாதபடி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவள் மெல்ல வாங்கிப் பார்த்தாள். நூற்றெண்பது.

"ஏங்க இப்படி?"

"நீ எவ்ளோ ஆசையா கேட்டே. வாய் வரலம்மா."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு நிம்மதிதான் பரவியது. அதைக் கண்டு அவளுக்கே பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

"அப்போ நாளைக்கு விடிகாலை நாலு மணிக்கு எழுந்திரிக்க வேண்டாம்ல?"

"வேண்டாம்மா."

அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.