தொட்டிலின் முன்முனையைப் பிடித்தவர்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதுவதற்கு அக்காவின் மகன் எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறான். "நாலு போதுமா மாமா?" என்று கேட்டான். எழுபத்து நான்கு வருட வாழ்க்கைக்கு நான்கு பக்கம் என்றால், ஒரு பக்கத்துக்குப் பதினெட்டரை வருடம். போதாது என்றேன். "அப்போ எழுத்த சின்னதாக்கிடலாம்" என்றான். இதைப் படிக்கப் போகும் உறவினர்களில் பாதிப்பேர் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள். சின்ன எழுத்து வேண்டாம், நானே சுருக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது. பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்கா அப்படியில்லை. சட்டியில் அரிசி போடும்போதுகூட ஆள் கணக்கு பார்க்கமாட்டார். நான் எதையாவது விரல் மடக்கிக் கணக்கிடுவதைப் பார்த்தால், "எண்ணிக்கிட்டே இருடா. நீ எண்ணுனா கம்மி ஆவப் போவுதா, ஜாஸ்தி ஆவப் போவுதா?" என்பார். இப்போது அப்படிக் கேட்க ஆளில்லை.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தோம். மணிலா, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பம். அப்பா அம்மாவுக்கு நாங்கள் நான்கு பேர். மூத்தவர் அக்கா, கடைசி நான். நடுவில் பிறந்த இரண்டு அண்ணன்களும் முன்பே போய்விட்டார்கள். நால்வரில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு சின்ன எண் என்று தெரிகிறது.

அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தார். திருமணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தார். அக்காவின் கணவர் பம்புசெட்டு மோட்டார் பழுது பார்ப்பவர். மெலிந்த உடம்பு, ஓயாத சிரிப்பு. எந்த ஊரில் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அவர்கள் வீட்டிலேயேதான் தங்கினேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. திருமணமாகி எட்டு வருடங்கள் இல்லை.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டவர்கள், பிறந்ததும் கரும்புகளை ஒன்றாகக் கட்டி, அதில் துணியைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையை அதில் போட்டு, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக் கொண்டு மாடவீதி சுற்றி வருவார்கள். கார்த்திகைத் தேரன்று இப்படிப் பல தொட்டில்கள் போகும். ஒவ்வொரு வருடமும் அக்காவும் அவர் கணவரும் தேரடி வீதியில் நின்று அதைப் பார்ப்பார்கள். ஒரு வருடம் நானும் உடன் நின்றேன்.

"நமக்கு ஒண்ணு குடுக்கட்டும், நான் முன்னாடி தூக்குறேன், நீ பின்னாடி புடி" என்றார் அவர்.

"நீங்க முன்னாடி போனா டீக்கடையக் கண்டதும் நின்னுடுவீங்க. சாமிக்கு லேட்டாயிடும். நான்தான் முன்னாடி" என்றார் அக்கா.

"சரிம்மா, நீயே முன்னாடி. எனக்கு நீ போற பக்கம் வர்றது புதுசா என்ன?"

அங்கேயே, கூட்டத்துக்கு நடுவே, கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்து இருவரும் வேண்டிக்கொண்டார்கள். யார் முன்னே, யார் பின்னே என்பது உட்பட எல்லாம் பேசி முடித்த வேண்டுதல் அது.

மறு வருடம் அக்கா உண்டானார். ஐந்தாம் மாதம் நடக்கும்போது, மாசியில், ஒரு கிணற்றில் இறங்கி மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணவரை மின்சாரம் அடித்துவிட்டது. மதியம் சோற்றுத் தூக்கு திறக்கப்படாமலே சைக்கிளோடு வீட்டுக்கு வந்தது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அடுத்து வந்த நாட்களில் எனக்குத்தான் சாமி மேல் நம்பிக்கை விட்டுப்போயிற்று. அக்காவோ காலையில் எழுந்ததும் வழக்கம்போல மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்து நின்றார். வயிறும் தெரிய, வெறும் நெற்றியோடு அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

"இன்னுமா அக்கா அந்தச் சாமிய நம்புற?" என்று கேட்டேன்.

அக்கா திரும்பவில்லை. "கோவமாத்தான் இருக்குது. என்னா பண்றது?"

"அப்புறம் எதுக்கு வந்து நிக்குற?"

"கோவம்னா பேச்சு நின்னுடுமாடா? உன்மேல டெய்லி கோவப்படுறேன். சோறு போடாமயா இருக்கேன்? அவருகிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்குது. கேக்காம எப்பிடிப் போவேன்?"

அக்காவின் பக்தியைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்தவரை அது இதுதான். கண்ணீர் விட்டு உருகுகிற பக்தி அல்ல. பேச்சை நிறுத்தாத பக்தி.

ஆனி மாதம் மகன் பிறந்தான். அந்தக் கார்த்திகை வந்தபோது துக்க வருடம் முடியவில்லை. தொட்டில் எடுக்க முடியாது. அதற்கடுத்த கார்த்திகை வரை காத்திருந்தோம். இதற்குள் அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் பெருக்குவது, படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்துவது. பிள்ளையை அங்கேயே ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார். அவன் முதலில் நடந்தது அந்த ஈர விரிப்புகளுக்கு நடுவில்தான்.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்காவின் நாத்தனார், அதாவது அக்கா கணவரின் உடன்பிறந்த மூத்தவர், வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷிதான்; ஆனால் வாய் கறார்.

"தொட்டில நானும் எங்க வீட்டுக்காரரும் தூக்குறோம். நீ வூட்லயே இரு. புருஷன் இல்லாதவ தேரடில கரும்பத் தூக்கினு போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. புள்ளைக்கும் நல்லதில்ல."

"நேந்துகிட்டது நீங்க இல்லையே அண்ணி" என்றார் அக்கா.

"யாரு நேந்துகிட்டா இன்னா? சாமிக்குச் சேர வேண்டியது சேந்தா சரி."

"நானும் அவரும் நேந்துகிட்டோம். அவரால வர முடியாது. நானும் வர்லன்னா சாமி இன்னா நினைப்பாரு? புள்ளைய வாங்கிக்கினு ரெண்டு பேருமே டபாய்ச்சிட்டாங்கன்னு நினைக்கமாட்டாரா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, "நெத்தியில ஒண்ணுமில்லாம போய் நிப்பியா?" என்றார்.

"குடுக்கும்போது என் நெத்தியப் பாத்தா அண்ணி குடுத்தாரு?"

நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தேரன்று வரவில்லை.

பின்முனையைப் பிடிக்க என்னை அழைத்தார் அக்கா. எனக்குப் பயம். தேரடியில் நமக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், எந்தெந்தக் கடை வாசலில் நிற்பார்கள் என்று முந்தைய நாள் முழுவதும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தொட்டிலுக்குப் புதுத் துணி வாங்கலாம் என்றேன். அக்கா பெட்டியைத் திறந்து கணவரின் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்தார். "அவரு வரலன்னா இன்னா, அவரு வேட்டி வரட்டும்" என்றார்.

மற்ற தொட்டில்களில் கண் திறக்காத சிசுக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தொட்டிலில் இருந்தவனுக்கு ஒன்றரை வயது, ஆறு பல். படுக்க மறுத்து எழுந்து உட்கார்ந்துகொண்டு, கரும்புத் தோகையை இழுத்து வாயில் வைத்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இன்னாம்மா, புள்ள கரும்பையே தின்னுட்டுதான் எறங்குவான் போல இருக்குதே!" என்றார் ஒரு பூக்காரம்மா. நான் பயந்தது நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். திருவூடல் தெரு முனையில் இரண்டு பெண்கள் அக்காவின் நெற்றியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்காவும் அதைப் பார்த்தார். நடை நிற்கவில்லை.

நான் உயரம், அக்கா குள்ளம். அதனால் தொட்டில் சரிந்து சரிந்து முன்பக்கமாகவே போனது. மேற்கு வாசல் பேகோபுரம் வருவதற்குள் பிள்ளையின் பாரம் முழுவதும் அக்காவின் தோளில் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால் கழுத்து நரம்பு தெரிந்தது.

"பாரமெல்லாம் உன் பக்கம் வருதுக்கா. நான் குனிஞ்சிக்கிறேன், இரு."

"வரட்டும்டா. நீ நேரா நட."

சுற்றி முடித்து ராஜகோபுர வாசலில் இறக்கியபோது அக்காவின் தோள் கன்றிப் போயிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரும்பிலிருந்து வேட்டியை அவிழ்த்து மடித்தார். அப்போதுதான் அழுதார். கணவர் இறந்தபிறகு அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பிறகு நடந்தவற்றை உறவினர்கள் அறிவீர்கள். துவைக்கப் போன வீட்டிலேயே அக்கா அறைகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தார். வருகிற வெளிநாட்டவரோடு தமிழிலேயே பேசி, அவர்களையும் தமிழ் பேச வைத்தார். மகனைப் பொறியியல் படிக்க வைத்தார். கொரோனா காலத்தில் அறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, சம்பளம் இல்லாமலே தினமும் போய் பெருக்கிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வர்றவங்க வரும்போது தூசியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். வருவார்களா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. எனக்கு எழுந்தது, தூக்கம் போயிற்று. கடைசியில் வந்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்காவுக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோர்த்தது. வேலூருக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். காலையில் ஐந்து மாத்திரை, இரவில் நான்கு. அதை எண்ணி வைப்பது என் வேலை. மாடி ஏற முடியாததால் படுக்கையைச் சன்னல் ஓரமாகப் போட்டோம். அங்கிருந்து மலை தெரியும். மூன்று மாதத்தில் எதிர் மனையில் ஒரு தங்கும் விடுதி எழும்பத் தொடங்கியது. ஒவ்வொரு தளமாக ஏறி, மலையை முழுக்க மறைத்துவிட்டது. நான் அந்தக் கட்டடக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். நகராட்சிக்கு எழுதப் போவதாகச் சொன்னேன். படபடப்பாக வீட்டுக்குள் வந்து அக்காவிடம் புலம்பினேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மறைச்சா மறைச்சிக்கினு போறான், வுடு. மலை எங்கியாவது போயிடுச்சா?"

"உனக்குத் தெரியலியேக்கா."

"எனக்குத் தெரியலன்னா இன்னா, அவருக்கு நான் தெரியாமப் பூட்டனா?"

அந்தச் சுவரைப் பார்த்தபடியேதான் தினமும் காலையில் கையெடுத்துக் கும்பிட்டார். சாம்பல் நிறச் சிமெண்டு பூச்சு, அதில் ஒரு குழாய். கடைசி நாளும் அதைப் பார்த்துத்தான் கும்பிட்டார். காப்பி கொண்டுவந்த மருமகள் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கைகள் சேர்ந்தபடியே இருந்தன.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இரண்டு வருடமும் முகம் சுளிக்காமல் அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திய மருமகளுக்கு முதல் நன்றி. வேலூருக்கு ஒவ்வொரு முறையும் கார் ஓட்டி வந்து, நாங்கள் வரும்வரை பட்டினியாகக் காத்திருந்த பக்கத்துத் தெருத் தம்பிக்கு, அக்கா எப்போது என்ன கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவருக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு வேன்களில் வந்த உறவினர்களுக்கு, அடி அண்ணாமலையிலிருந்து மாலை கட்டிக் கொண்டுவந்து காசு வாங்க மறுத்தவருக்கு, அக்காவின் கையைப் பிடித்தபடி மதியம் வரை அமர்ந்திருந்த வெளிநாட்டு அம்மையாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. பதினாறாம் நாள் காரியத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டீர்கள். இலையை எண்ணித்தான் சொல்கிறேன். அக்கா அறிந்திருந்தால் திட்டியிருப்பார்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

அக்காவை எடுத்துச் சென்ற அன்று வண்டி தெருமுனை வரைதான் வரும் என்றார்கள். வீட்டு வாசலிலிருந்து அதுவரை தோளில்தான் தூக்க வேண்டும். வண்டி வரை தானும் தோள் கொடுப்பதாகச் சொல்லி, அக்காவின் மகன் முன்பக்கம் வந்து நின்றான். நான் பின்பக்கம் போனேன். எல்லோரும் தடுத்தார்கள். முழங்கால் தாங்காது, வயசாச்சு, இளசுங்க இருக்காங்க என்றார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். நான் கையை எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் என்னைத் தூக்கவும் விடவில்லை.

அப்போது வாசலில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த அக்காவின் நாத்தனார் குரல் கொடுத்தார். தொண்ணூறை நெருங்குகிறவர். கண் சரியாகத் தெரியாது. குரல் மட்டும் அன்றைய கறாரோடு அப்படியே இருந்தது.

"வுடுங்கடா அவன. அன்னிக்கும் பின்னால அவன்தானே புடிச்சான்? அன்னிக்கு நான் வராம வூட்ல குந்திகினு இருந்தேன். இன்னிக்காவது நான் பாக்கணும். அவனே தூக்கட்டும்."

தடுத்த கைகள் விலகின. அவருக்கு என் நன்றி.

தூக்கினோம். அக்கா அவ்வளவு கனமில்லை. ஆனால் வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்ததும், முன்னால் போகிற பிள்ளை என்னைவிட உயரமாகிவிட்டவன் என்பது தெரிந்தது. பாடை மெல்ல என் பக்கம் சாய்ந்தது. அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"பாரம் உங்க பக்கம் வருதா மாமா? நான் கொஞ்சம் குனியட்டுமா?"

"வரட்டும்டா" என்றேன். "நீ நேரா நட."