அண்ணையோடு கரைக்குப் போன காலைகள்

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. துக்கத்தினால் எழுத முடியவில்லை என்று உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள். துக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய களைப்பு இருந்தது. பேனையைப் பிடித்தால் கை தானாகக் கீழே விழுந்தது. இப்போது ஆண்டுத்திவசம் வந்துவிட்டது. அண்ணையின் ஒரே மகள், என் மருமகள், நோர்வேயிலிருந்து ரெலிபோனில் கேட்டார். "மாமி, அப்பா கடைசியா எப்பிடி இருந்தவர் எண்டு உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதாட்டி ஆர் எழுதுறது?" அவர் கேட்டதற்காக எழுதுகிறேன். குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணை பிறந்தது உடுப்பிட்டியில். எங்கள் ஐயா வெங்காயமும் புகையிலையும் செய்தவர். அண்ணை மூத்தவர், நான் கடைசி. இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. பள்ளிக்கூடம் போவதற்கு முன் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, கால் சேற்றைக் கழுவ நேரமில்லாமல் ஓடியவர் அண்ணை. படிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. நாட்டு நிலைமை கெட்டபோது, ஐயாவும் அம்மாவும் அழுதழுது அவரை அனுப்பிவைத்தார்கள். எங்கெங்கோ அலைந்து நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். மாரி முழுவதும் சூரியனே எழும்பாத ஊர் அது. மரக்கறியும் சோறுமாக வளர்ந்த பிள்ளை அங்கே நின்று மீன் வெட்டினார். வெட்டி வெட்டித்தான் எங்களுக்கு வீடு கட்டினார், ஐயாவின் வைத்தியத்தைப் பார்த்தார், கொக்குவிலில் அண்ணியைக் கைப்பிடித்தார், மகளைப் படிப்பித்து ஆளாக்கினார். ஒருநாளும் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஐயா பாரிசவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அவரையும், பின்பு அம்மாவையும் பார்த்தவள் நான். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, வீட்டில் நோயாளி என்று என் காலம் போனது. அம்மாவும் போய், அவருடைய கட்டிலை மடித்துச் சுவரோடு சாத்திய ஆண்டில் அண்ணை ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். அண்ணிக்கு மூட்டு நோய் இருந்ததாலும் வைத்தியம் அங்கே என்பதாலும் அவரால் வர இயலவில்லை. "கொஞ்ச நாள் நிண்டிட்டுப் போறன்" என்றுதான் அண்ணை சொன்னார். பிறகு போகவில்லை.

வந்த அடுத்த நாளே விடியப்புறம் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்கை அண்ணை போறியள்?"

"கடலுக்கு."

"என்னத்துக்கு?"

"சும்மா நடக்க."

"நடக்கிறதெண்டால் ஒழுங்கையிலை நடக்கலாம்தானே?"

"ஒழுங்கையிலை ஆக்கள் மறிச்சு மறிச்சு நோர்வேக்கு விசா எடுத்துத் தரக் கேப்பினம். நீயும் வா பிள்ளை."

எங்கள் வீட்டிலிருந்து தொண்டைமானாற்றுப் பக்கத்துக் கடற்கரை சைக்கிள் ஓடும் தூரந்தான். என்றாலும் எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போவது ஆடி அமாவாசைக்கும் சாம்பல் கரைக்கவும் மட்டுமே. சும்மா போய் நடப்பது என்பது எனக்கு விளங்கவில்லை. நான் போகாவிட்டால் அவர் அந்தப் பழைய சைக்கிளில் போய் எங்காவது விழுந்துவிடுவார் என்ற பயத்தில் என் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

கடலைக் கண்டதும் அண்ணை சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். "இவ்வளவு காலமும் கடலுக்குப் பக்கத்திலை நிண்டு செத்த மீனைத்தான் பாத்தனான், பிள்ளை. உயிரோடை கிடக்கிறதுகளையும் கொஞ்சம் பாப்பம்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. நான் வீட்டு வேலையை நினைத்துக்கொண்டு அடம்பன் கொடிப் பக்கமாக நிற்பேன். அவர் நீர் ஓரமாக நடப்பார். அலை பின்வாங்கும்போது அதன் பின்னால் ஓடி, திரும்பி வரும்போது முன்னால் ஓடும் சின்ன உள்ளான் குருவிகளை நின்று பார்ப்பார். தொழிற்சாலைக்குப் பின்புறம் கோடையில் இதே மாதிரி உள்ளான்கள் வருமாம். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போய் அவற்றைப் பார்ப்பாராம். அவைதானோ இவை, வேறெவையோ, எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. "ஆர் கண்டது?" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு நண்டுகளைத்தான் பிடித்தது. வளைக்குள்ளிருந்து மண்ணை அள்ளி அணைத்துக்கொண்டு வந்து வெளியே எறியும். அலை வந்து மூடிவிட்டுப் போகும். திரும்பவும் தொடங்கும். "உதுக்கும் என்னைப் போலைதான் வேலை" என்றேன். ஊருக்கு வந்த பிறகு அண்ணை வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

கரையில் ஒதுங்கும் அறுந்த வலைத் துண்டுகளில் நண்டும் குருவியும் சிக்கிக் கிடக்கும். அவற்றை வெட்டி எடுக்கச் சின்னக் கத்தி ஒன்றை அண்ணை சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒரு காலை, கரையோரம் கட்டியிருந்த வலையில் பெரிய ஆமை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. மூச்செடுக்கத் தலையைத் தூக்கும், பிறகு தாழும். நான் கூப்பிடக் கூப்பிட அண்ணை உடுப்போடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை அறுத்தார். ஆமை போய்விட்டது. வலையில் ஓர் ஆள் புகுந்து போகிற அளவு ஓட்டை.

அந்த வலை தவத்தினுடையது. தவம் அந்தக் கரையிலேயே ஓலைக் கொட்டிலாக வாடி போட்டு மீன்பிடித் தொழில் செய்பவர், எங்களை விட வயதில் மிக இளையவர். வாடியிலிருந்து ஓடி வந்தார்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

"கேக்க நிண்டிருந்தால் அது செத்திருக்கும் தம்பி."

"எங்களைக் கூப்பிட்டிருக்கலாம்தானே? நாங்கள் ஆமையைத் திண்டிடுவம் எண்டு நினைச்சியளோ?"

அண்ணை தலைகுனிந்து நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு, "நான் செய்தது பிழைதான். இப்ப என்ன செய்யோணும், சொல்லும்" என்றார்.

"இருந்து வலையைப் பிடியுங்கோ. நான் பொத்தோணும்."

ஈர உடுப்போடு வாடி நிழலில் இருந்து வலையின் ஒரு பக்கத்தை அண்ணை இழுத்துப் பிடிக்க, தவம் ஊசி கொண்டு பொத்தினார். நான் வீட்டில் உலை வைக்காததை நினைத்துக்கொண்டு நின்றேன். அப்போது தவம் கையை நிறுத்தினார்.

"அண்ணை, ஏன் உங்கடை கை உப்பிடி நடுங்குது? வலை முழுக்க ஆடுது."

"குளிருது, தம்பி."

அன்று குளிர் இல்லை. அண்ணை எப்போதும் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பதை நோர்வேப் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வலை பொத்தி முடிய நாலைந்து காலைகள் எடுத்தன. அவர் ஒவ்வொரு நாளும் போய்ப் பிடித்தார். கடைசி நாள் தவம் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி வைத்துத் தந்தார். அதன் பிறகு அவர் எங்களுக்கு ஒரு தம்பியாகவே ஆகிவிட்டார்.

பிறகு நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய டொக்டர், நடுக்குவாதம் என்றார். அண்ணைக்கு அது நோர்வேயிலேயே தெரிந்திருந்தது. "அங்கை இருந்தால் அவைக்குப் பாரம் எண்டு வந்தனான். இப்ப உனக்குப் பாரமாப் போச்சு" என்றார். மடித்து வைத்த கட்டிலை விரித்தேன்.

நோய் கூடிய விதத்தை எழுத எனக்குப் பலமில்லை. ஆளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் சட்டைத் தெறி பூட்ட முடியாமல் போனது. பிறகு கோப்பை. பிறகு கால். எழும்பி வருவார், கதவு நிலையில் கால் ஒட்டிக்கொண்டுவிடும். நான் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்தபடி, "எடுத்து வையுங்கோ அண்ணை, எடுத்து வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கால் அசையாது. ஆனால் கடற்கரையில் நடந்தார். அதுதான் எங்களுக்கு ஒருவருக்கும் விளங்காத விஷயம். அலை நனைத்த கோட்டைப் பார்த்தபடி, அதன்மேல் கால் வைத்து, மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தார். "இந்தக் கோட்டைப் பாத்தால் கால் சொல்லுக் கேக்குது, பிள்ளை" என்பார்.

ஸ்கூட்டியில் ஏற்ற முடியாமல் போனதும் ஓட்டோவில் போனோம். ஓட்டோவிலிருந்து இறக்குவது, மணலைக் கடப்பது, திரும்ப ஏற்றுவது, வீட்டில் கால் கழுவுவது. வந்து நான் குசினி நிலத்தில் இருந்துவிடுவேன். மருமகளுக்கு இது பிடிக்கவில்லை.

"மாமி, இனி அப்பாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. மணலிலை விழுந்தால் என்ன செய்வியள்?"

"உங்கை இருந்து சொல்லுறது சுகம், பிள்ளை. இஞ்சை நிலையிலை நிண்டு போற மனுசன் அங்கை தானா நடக்கிறார். நான் எப்பிடி மறிக்கிறது?"

"நான் அப்பாவுக்காக மட்டும் சொல்லேல்லை. உங்களாலை ஏலாது, மாமி. உங்கடை குரலிலையே தெரியுது."

என்னால் இயலாது என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ரெலிபோனை வைத்துவிட்டு, இனி போவதில்லை என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் "ஓம்" என்றார். கோபிக்கவில்லை. நாங்கள் போகாத அந்த நாட்களில் அவர் யன்னலோரம் கதிரையில் இருந்தார். கதிரையிலிருந்து எழும்பவே கேட்கவில்லை.

போகாத காரணத்தை விசாரிக்கத் தவம் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். "அக்கா, நீங்கள் ஓட்டோவுக்குள்ளை இருங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். மறுநாள் முதல் அப்படியே நடந்தது. தவம் வந்து அண்ணையின் தோளைப் பிடித்து நீர் ஓரத்துக்குக் கொண்டு போய் விடுவார். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நடப்பார். நான் ஓட்டோவின் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். மருமகளிடம் மறைக்காமல் சொன்னேன். "சரி மாமி, ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ" என்றார். அனுப்பினேன். தகப்பன் நடப்பதை அண்ணியும் அவரும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம்.

அண்ணை மணலில் ஒருநாளும் விழவில்லை. விழுந்தது வீட்டுக் குளியலறையில், நான் துவாய் எடுக்கத் திரும்பிய நேரத்தில். இடுப்பெலும்பு முறிந்தது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் அதன் பிறகு அவர் எழும்பவில்லை.

படுக்கையில் இருந்த மாதங்களில் அவருடைய குரல் மிகவும் சிறுத்துவிட்டது. வாயருகே காதை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஒருநாள், "நீ போயிட்டு வந்து சொல்லு" என்றார். பக்கத்து வீட்டுத் தங்கச்சியை அவருக்குத் துணையாக இருத்திவிட்டு, வாரத்தில் ஒன்றிரண்டு காலை நான் போய் வந்தேன். எனக்குக் குருவிகளின் பெயர் தெரியாது. "சிவத்தக் கால் உள்ளது ஒண்டு நிண்டது" என்பேன். "தனியாவோ?" என்பார். "இல்லை, சோடியா." அது போதும் அவருக்கு. ஒரு காலை ஆமைக் குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவந்து கடலுக்குப் போவதைக் கண்டேன். தவமும் நானும் காகங்களைக் கலைத்துக்கொண்டு நின்றோம். வந்து சொன்னேன்.

"எத்தினை?"

"எண்ணேல்லை அண்ணை. காகம் கலைக்கத்தான் நேரம் இருந்தது."

"நல்ல வேலை செய்திருக்கிறாய்" என்றார். அவர் எனக்குத் தெளிவாகச் சொன்ன கடைசி வசனங்களில் ஒன்று அது.

மார்கழி மழையில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. மருமகள் வந்து சேர்ந்தார். மகளின் கையைப் பிடித்தபடி, வலி இல்லாமல், காலை வேளையில் அண்ணை எம்மை விட்டுப் பிரிந்தார். எங்கள் சித்தப்பாவின் மகன் கொள்ளிக் கடனைச் செய்தார். சாம்பலைக் கரைக்க வள்ளத்தில் ஏற்றிச் சென்றவர் தவம். அன்று அவர் தொழிலுக்குப் போகவில்லை.

அண்ணையைக் கருணையோடு பார்த்த டொக்டர்மாருக்கும் தாதியருக்கும், கேட்ட நேரமெல்லாம் ஓட்டோவோடு வந்தவருக்கும், பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கும், மரணச் சடங்கிலே தோள் கொடுத்த ஊரவருக்கும் உறவினருக்கும், தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் தாங்கிய அண்ணிக்கும் மருமகளுக்கும், எங்கள் தம்பி தவத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் என் மனமார்ந்த நன்றியைச் சொல்கிறேன்.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அண்ணை போன பிறகும் எனக்கு நித்திரை வரவில்லை. இரவில் நான் திருப்பிப் படுக்க வைக்க அண்ணை இல்லாத வீட்டிலும் என் உடம்பு தானாக எழும்பிக்கொண்டே இருந்தது. சில மாதங்களின் பின் ஒரு காலை, யாருக்கும் வந்து சொல்ல வேண்டிய தேவை இல்லாமல், கரைக்குப் போனேன். கொஞ்சம் இருப்போம் என்று மணலில் இருந்தேன். அவ்வளவுதான் நினைவு.

கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. என்மேல் மட்டும் வெயில் இல்லை. கருவாடு காயப்போட வந்த பெண் ஒருவர் குடையைப் பிடித்தபடி என் தலைமாட்டில் குந்தியிருந்தார். முன்பின் கண்டதில்லை.

"ஐயோ, எவ்வளவு நேரமா இருக்கிறீங்கள்?"

"தெரியேல்லை அம்மா. நல்ல நித்திரை கொண்டனீங்கள். எழுப்ப மனம் வரேல்லை."

நான் அவசரமாகச் சீலையைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். "நேரம் போச்சு, வீட்டை போகோணும்."

"வீட்டிலை ஆர் பாத்துக்கொண்டிருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் ஓடுறீங்கள்? எனக்கு இன்னும் கருவாடு காயேல்லை. படுங்கோ."

நான் திரும்பவும் படுத்துக்கொண்டேன். அவருடைய பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவருக்கும் நன்றி.

தங்கை