குட்டி தாண்டும் வரை

விடிந்தும் விடியாத நேரம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் ஆட்டோ, மரங்கள் அடர்ந்த ஒரு காம்பவுண்டுச் சுவரருகே சட்டென்று நிற்கிறது. மார்கழிப் பனிக்குள்ளிருந்து வந்த புள்ளிமான் ஒன்று சாலையைத் தாண்டி எதிர்ப்புறப் புல்லில் மறைகிறது.

"அதான் போயிடுச்சேண்ணா, கிளம்புங்க" என்கிறேன்.

டிரைவர் கிளம்பவில்லை. ஹெட்லைட்டையும் எஞ்சினையும் அணைக்கிறார். முன்கண்ணாடியில் ஓடும் விரிசலைத் தொட்டுக் காட்டுகிறார்.

"நானும் அப்டி நென்ச்சுதான் ஒருவாட்டி கெளப்பிட்டேன் சார். பின்னாடியே வந்தது இதுல மோதிச்சு. ஒண்ணு தாண்டுச்சுன்னா கூட்டமே வந்துகினு கீதுன்னு அர்த்தம். லைட்டு கண்ல பட்டா வேற அப்டியே நின்னுடும்."

சுவர் இடிந்த இடத்திலிருந்து ஒவ்வொன்றாக வருகின்றன. கடைசியில் ஒரு குட்டி. எதிரே வரும் டிப்பர் லாரியின் வெளிச்சம் பட்டதும் நடுச்சாலையில் உறைந்து நிற்கிறது.

லாரி கிறீச்சிட்டு நிற்கிறது. அதன் விளக்குகளும் எஞ்சினும் அணைகின்றன. எந்நேரமும் ஹாரன் அலறும் இந்தச் சாலையில், தாரில் படும் குட்டியின் குளம்புச் சத்தம் கேட்கிறது.

குட்டி புல்லுக்குள் போய்விட்டது. டிரைவர் கிளப்பவில்லை. லாரிக்காரரும் கிளப்பவில்லை. கிளம்பச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.